பாவாணர், தேவநேயப்

பச்சைமலை அடிவாரத்தில் வாகை, மா, வேம்பு என்று மரம் பார்த்துச் சாமி செதுக்குகிற அரும்பாவூருக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தொழிலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி, டைப் அடிக்கக் கொடுத்தேன். கோப்பு வந்ததும் பத்திக்குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் புள்ளி வரிசை. ஒரு பத்திக்கு ஸ்பேஸ் பாரை ஐந்து தரம் தட்டியிருந்தார்கள், அடுத்ததற்கு ஏழு.

"பிரிண்ட்ல சரியாத்தான் சார் வரும்" என்றார் கடைத் தம்பி. வரவில்லை. பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதும் வெற்றிடத்தின் அகலம் மாறி, பத்திகள் ஆளுக்கொரு பக்கம் நின்றன.

இந்த இடத்தில் வேர்டு சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்கலாம். பத்திப் பாணியில் முதல் வரிக்கு அரை அங்குலம் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் நாற்பது பக்கமும் கேட்கும். துணைநூற்பட்டியலுக்குத் தொங்கல் உள்தள்ளலும் அப்படித்தான். நடுவில் என்டர் தட்டி வரியை ஒடித்தவர்கள், பிறகு ஒரு சொல் சேர்க்கும்போது அழுவார்கள்.

மேற்கோள் கருவி வேறு சங்கதி. 2007 பதிப்பிலிருந்து வேர்டில் அது இருக்கிறது. நூல் விவரத்தைப் பெட்டியில் நிரப்பினால், ஏபிஏவோ எம்எல்ஏவோ, கேட்ட மேற்கோள் நடையில் பட்டியல் வரும். நடையை மாற்றினால் பட்டியலும் மாறும். கையால் செய்தால் ஒரு வார வேலை; அந்த அளவில் நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் பெட்டி கடைசிப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? உ.வே.சா.வின் முன்னெழுத்துகள் ஊரும் அப்பாவும். 'சாமிநாதையர், உ.வே.' என்று புரட்டினால்கூடப் பொறுக்கலாம். தேவநேயப் பாவாணர் 'பாவாணர், தேவநேயப்' ஆகும்போது, ஒட்ட ஆளில்லாமல் ஒரு 'ப்' தொங்குகிறது. சந்தி பார்க்க அந்தக் கருவிக்குத் தெரியாது.

அகர வரிசை இன்னும் மோசம். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. வரிசைப்படுத்தச் சொன்னால் ஆங்கில வரிசையில்தான் நிற்கும். 'பெ'யில் தொடங்கும் பெயர்கள் பகரத்தை விட்டுக் கொம்போடு போய்விடும்.

எனக்குப் பெரிய குறை இதுவல்ல. முகத்தை ஒரு தாலமாக வைத்து உடம்பை அளக்கும் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் உளி பிடிக்கிற பெரியவர். ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி நேர்ப்பேச்சுக்கு வரிக்குள் மட்டும்தான் இடம், பட்டியலில் கிடையாது. எம்எல்ஏ நேர்காணலைச் சேர்த்துக்கொள்ளும். நம் நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளோ பெயர், வயது, தொழில், ஊர் என்று தகவலாளர் பட்டியலே தனியாகப் போடும். எனக்கு அந்தப் பழைய வழக்கம்தான் நேர்மையாகப் படுகிறது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., உரையாசிரியர் நூற்பெயர் சொல்லாமல் விட்ட மேற்கோள்களுக்கு மூலம் தேடி எவ்வளவு அலைந்தார்! பெரியவர் பெயரை விட்டுவிட்டால் நாளை யாரோ அப்படி அலைய வேண்டும். அவர் நூலில் இல்லை என்பதால் தேடியும் கிடைக்கமாட்டார்.

தம்பி தகவலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவரு எந்த புக்கு சார் எழுதியிருக்காரு?" என்றார். அந்தப் பக்கத்தை நானே அடித்தேன். தொங்கலை மட்டும் வேர்டிடம் விட்டேன்.