மலாயாச் சமஷ்டியும் இனப்பிணக்கு என்னும் விளக்கமும்

1948 ஆம் ஆண்டு பெப்புருவரி 1 ஆந் திகதி மலாயாச் சமஷ்டி உருவாயிற்று. அதன் பிறப்பை எடுத்துரைப்போருட் பலர், மலாயர் ஒருபுறமும் சீனரும் இந்தியரும் மறுபுறமுமாக நின்ற இனப்பிணக்கின் விளைவென்றே கூறி அமைகின்றனர். இவ்விளக்கம் முற்றும் பொய்யன்று, ஆயினும் அரைகுறையானது.

1946 இல் பிரித்தானியர் சுல்தான்களின் இறைமையைப் பறித்து மலாயா ஒன்றியத்தை நிறுவினர். மலாயரல்லாதார்க்கும் எளிதிற் குடியுரிமை வழங்கக் கருதிய அவ்வேற்பாட்டை மலாயர் வெகுண்டெதிர்த்தனர். டத்தோ ஒன் ஜாபார் தலைமையில் அம்னோ தோன்றியதும் அவ்வாண்டிலேயே. பின்பு பிரித்தானிய அதிகாரிகள், சுல்தான்களின் பிரதிநிதிகள், அம்னோவினர் ஆகிய முத்திறத்தாரே கூடியிருந்து சமஷ்டித் திட்டத்தை வகுத்தனர். பிறர் கருத்தைக் கேட்கும் குழு பின்னரே அமைக்கப்பட்டது. இறப்பரும் வெள்ளீயமும் பிரித்தானியாவுக்கு டொலர் ஈட்டிய காலமது. அவற்றை ஈட்டிக் கொடுத்த தோட்டத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அவ்வறையில் இடமில்லை. மலாயக் கமக்காரனுக்கும் இல்லை. இனத்தையே பேசுவோர் இதனைப் பேசார்.

அவர் பேசாதது மற்றொன்றும் உண்டு. தான் செங் லொக் தலைமையிலான அனைத்து மலாயாக் கூட்டு நடவடிக்கைக் குழுவும், மலாய இடதுசாரிகளின் பூத்திரா முன்னணியும் இணைந்து 1947 இல் மக்கள் அரசியற்றிட்டம் ஒன்றை வெளியிட்டன. குடிகள் எவ்வினத்தவராயினும் 'மெலாயு' என்னும் ஒரே தேசியப் பெயரைப் பூணவேண்டுமென்றது அது. சீனரும் இந்தியரும் அடங்கிய இயக்கமொன்று இப்பெயரை ஏற்றமை சிறு செய்தியன்று. ஆட்சியாளர் அத்திட்டத்தை ஏற்கவில்லை.

அவ்வாறாயின் யாவும் வர்க்கப் போராட்டமே எனலாமோ? அதுவும் பொருந்தாது. 1947 ஒக்டோபர் 20 இல் நாடெங்கும் நடந்த கர்த்தாலில், தொழிலாளருடன் சீன வணிகரும் கடையடைத்தனர். குடியுரிமை முதலாளியையும் கூலியையும் ஒருங்கே சுட்டமையால் அன்று இருவரும் ஓரணியினராயினர். தேசியப் பிரச்சினையை வர்க்கத்துள் அடக்கிவிடுவோர் இந்நாளை விளக்க இடர்ப்படுவர்.

எனினும் அவ்வணி நீடிக்கவில்லை. புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்தவரும், தோட்டத்திற் பால்வெட்டிய தென்னிந்தியரும் பேசியது ஒரே தமிழ். வாழ்ந்தது ஒரே வாழ்வன்று. சீனருள்ளும் அவ்வாறே. 1948 யூனில் அவசரகாலச் சட்டம் பிறந்ததும் கர்த்தால் நடத்தியோர் இருவேறு வழியிற் சென்றனர். 1949 பெப்புருவரியில் மலாயச் சீனர் சங்கம் நிறுவப்பட, தான் செங் லொக் அதன் தலைவரானார். அவ்வாண்டு மே மாதத்தில், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்டார்.