வாரிசு சொல்லாத கடிதம்

பைத்தான் மொழியைப் படைத்த கைடோ வான் ராஸம் 2018 ஜூலை 12 அன்று தன் சகாக்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தலைப்பு, ‘அதிகார மாற்றம்’. மென்பொருள்காரர்களின் கடிதங்களில் ரசித்துப் படிக்கக் கிடைப்பவை குறைவு. இது அந்தக் குறைவில் ஒன்று.

1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாமில், பொழுதுபோக்காகத் தொடங்கிய மொழி அது. ‘வாழ்நாள் நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்ற பட்டம் விளையாட்டாக வந்து ஒட்டிக்கொண்டது. பட்டம்தான் விளையாட்டு, அதிகாரம் நிஜம். மொழிக்குள் எது வரலாம், எது கூடாது என்பதில் கடைசி வார்த்தை அவருடையது.

மொழியில் மாற்றம் கோரும் முன்மொழிவுகளில் 572ஆவதில் வந்தது வினை. நிபந்தனையைச் சோதிக்கும் அதே வரியில், கிடைத்த விடையை ஒரு மாறியிலும் போட்டுவைக்க := என்றொரு குறி. மிச்சமாவது ஒரே ஒரு வரி. அதற்கு மாதக்கணக்கில் சண்டை. எளிமைக்குப் பேர்போன மொழியைக் கெடுக்கிறீர்கள் என்றது ஒரு தரப்பு. கைடோ முன்மொழிவை ஏற்றார். ஏற்றுக்கொண்ட கையோடு பதவியை விட்டார்.

தோற்றவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவது ஊரறிந்த வழக்கம். இவர் ஜெயித்துவிட்டு எழுந்தார். வழக்கைப் பாதியில் விட்டிருந்தால் அடுத்து வருபவர் தலையில் அல்லவா அது விழுந்திருக்கும்!

கடிதத்தில் பூசிமெழுகல் இல்லை. ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு மல்லுக்கட்டி, இத்தனை பேரின் வெறுப்பையும் சம்பாதிப்பது இனி வேண்டாம் என்கிறார். உடல் உபாதைகளின் பட்டியலைச் சொல்லி உங்களைப் படுத்தவில்லை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கிண்டல். வாரிசை நியமிக்க மாட்டேன். ஜனநாயகமா, அராஜகமா, சர்வாதிகாரமா, கூட்டாட்சியா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைகளைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முன்மொழிவுகளை யார் தீர்மானிப்பது, புதியவர்களை எப்படிச் சேர்ப்பது என்ற இரண்டை மட்டும் சுட்டிவிட்டு நகர்கிறார். பல வருடங்களாகச் சிறுகச் சிறுகப் பொறுப்பைப் பிறர் கைக்கு மாற்றி வந்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை லாஸே கொலின் பெரும்பாலும் தனியாளாகவே காத்துவந்தார். மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் 2022இல் சொல்லியும் பார்த்தார். வேறு ஆளிடம் கொடு என்று நச்சரிப்பு தொடர்ந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் உதவிக்கு வந்தவர் மெல்லப் பொறுப்பில் ஏறி, கள்ளவழி ஒன்றைச் செருகினார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள்காரர் அதைக் கண்டுபிடித்தது, கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவியதால். கொலினைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஓய்வு கேட்கக்கூட அவருக்கு ஒரு சபை இருக்கவில்லை.

பைத்தான் சகாக்கள் ஏழு ஆட்சிமுறைகளை எழுதிவைத்து 2018 டிசம்பரில் வாக்களித்தார்கள். ஐவர் குழு வென்றது. ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் இருவருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது என்பது நல்ல விதி. 2019இல் தேர்வான முதல் குழுவில் கைடோவும் இருந்தார், ஐந்தில் ஒரு வாக்கோடு. இது என்ன விலகல் என்று கேட்கலாம். ஆனால் அடுத்த குழுவுக்கான போட்டியிலிருந்து அவர் தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.