விழுங்கியதை எப்படி அறிவது?

காசநோய்க்குப் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். பலருக்கு இரண்டாம் மாதத்திலேயே இருமல் அடங்கி உடம்பு தேறிவிடும். கிருமி மட்டும் உள்ளே மிச்சமிருக்கும். அப்போது நிறுத்தினால் நோய் திரும்பலாம், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கும் அடங்காத வடிவில் திரும்பலாம். ஆகவே கண்காணிப்பு தேவைதான். எந்த விதமான கண்காணிப்பு என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, சானடோரியத்தில் தங்கியவர்களும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததைக் காட்டியது. அதில் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அதுவும் கண்காணிப்புதான். ஆனால் எண்ணப் போனவர் நோயாளியின் வீட்டையும் அடுப்பையும் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பின்னால் வந்த டாட்ஸ் முறையில், தொடக்கக் கட்டத்தில் வாரம் மூன்று நாள் ஊழியரின் கண்முன் விழுங்க வேண்டியிருந்தது. மருந்து தடையின்றிக் கிடைக்கவும், நோயாளிக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கவும் அது வழிசெய்தது. அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் கூலிக்குப் போகிறவர் பாதி நாள் சம்பளத்தை இழந்தார். கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தாள். தாமே மருந்து சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்ட சோதனைகளும் கண்முன் விழுங்கவைப்பதால் தெளிவான கூடுதல் பலன் இருப்பதாகக் காட்டவில்லை. 2017இல் நாடு முழுவதும் தினசரி மாத்திரைக்கு மாறினோம்.

அடுத்துப் பரவலானது 99டாட்ஸ். மாத்திரையைப் பிதுக்கியதும் உறையில் மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு இலவசமாக அழைத்தால் பதிவாகிவிடும். செலவு குறைவு, நோயாளியின் மானமும் காப்பாற்றப்படுகிறது. ஆனால் சென்னை, வேலூர், மும்பையில் சிறுநீரில் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து இருக்கிறதா என்று பார்த்தபோது, அழைப்புப் பதிவு நம்பும்படி இல்லை. சாப்பிட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள், சாப்பிடாமலே அழைத்தவர்களும் இருந்தார்கள். வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி கணவனோடு வேலைக்குப் போய்விட்டால் மனைவி எதிலிருந்து அழைப்பாள்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அழைப்பு வராத நாளுக்கு விழும் ‘தவறியது’ என்ற பதிவு காரணத்தைக் கேட்பதில்லை. குமட்டல், மூட்டுவலி, பட்டினி, குடி, பிழைப்புக்காக ஊர் மாறியது எல்லாம் அதில் ஒரே குறிதான். 2024இன் தொடக்கத்தில் பல மாநிலங்களில் மாத்திரைத் தட்டுப்பாடு வந்ததே, அந்த நாட்களில் தவறியவர் நோயாளியா, அரசா?

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ வேறு கேள்வியைக் கேட்கிறது. நோய் உறுதியானதும் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் வலு ஆகியவற்றைப் பார்த்து, மோசமாக இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கிறது. நோயாளியைப் பார்க்கும் இந்தப் பார்வை மருந்துக் கண்காணிப்புக்கும் வர வேண்டும். 99டாட்ஸ் போன்ற கருவி இருக்கட்டும். ஒரு வேளை தவறியதாக அது காட்டினால், இரண்டு நாளுக்குள் ஓர் ஊழியர் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். அதற்கு ஆளையும் பயணப்படியையும் சுகாதாரத் துறை ஒதுக்க வேண்டும்.