விருந்துக்கு வந்த கூட்டம்

கதை ஒன்று வெற்றி கண்டுவிட்டால், அதன் மாந்தரைச் சாகவும் விடுவதில்லை, ஓயவும் விடுவதில்லை வாசகர் கூட்டம். அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் பாம் இந்தப் பிடியில் சிக்கியவர். அவர் 1909-இல் வெளியிட்ட ‘ஓஸுக்குச் செல்லும் பாதை’, ஓஸ் வரிசையின் ஐந்தாம் ஏடு.

முற்பகுதி நன்று. சிறுமி டாரதியும், பரட்டையனும், வானவில்லின் மகளும் வழி தவறி நடக்கிறார்கள். தம் தலையையே கழற்றி எறிந்து தாக்கும் விந்தைக் கூட்டம் அவர்களைச் சூப்பு வைக்கப் பிடிக்கிறது. அச்சமுண்டு, சிரிப்புண்டு. அரண்மனை வந்ததோ இல்லையோ, கதை படுத்துவிடுகிறது! இளவரசி ஓஸ்மாவுக்குப் பிறந்தநாளாம். சோளக்கொல்லைப் பொம்மை வருகிறது. தகர மனிதன் வருகிறான். கோழைச் சிங்கம், பூசணித்தலையன், பேசும் கோழி, அனைவரும் ஆஜர். போதாதென்று, பாம் எழுதிய வேறு நூல்களின் அரசிகளும், கிறிஸ்துமஸ் தாத்தாவும்கூட விருந்தினர்! வந்தார், வணங்கினார், அமர்ந்தார். இதுவா கதை? பழைய நூல்களுக்கு விளம்பரப் பலகை என்போம் நாம்.

கூட்டம் மட்டும் குறையென்றால் பொறுத்திருப்போம். 1900-இல் வந்த முதல் ஏடு செய்ததென்ன? அஞ்சி நடுங்க வைத்த மகா மந்திரவாதியின் திரையை ஒரு நாய்க்குட்டி தட்டிவிட்டது. உள்ளே நின்றவன் வெறும் வித்தைக்காரன்! குழந்தை இலக்கியத்தில் புரட்டு இவ்வளவு அழகாக அம்பலப்பட்டது அரிது. அவன் போனபின் நாட்டை ஆண்டது வைக்கோல் அடைத்த பொம்மை. பரம்பரை கேளாத ஆட்சி. 1904-இல் வந்த இரண்டாம் ஏடோ பழைய மன்னனின் மகளைத் தேடிக் கண்டுபிடித்து அரியணையில் அமர்த்தியது. 1908-இல் மந்திரவாதியும் திரும்பினான். பின்னர் அவனுக்கு உண்மை மந்திரமே கற்றுத்தரப்படுகிறது! அம்பலப்பட்டவனுக்கு அரண்மனையில் பதவி. ‘பெண், திருச்சபை, அரசு’ என்று 1893-இல் நூலெழுதி மதபீடத்தை எதிர்த்து நின்ற மெட்டில்டா ஜோஸ்லின் கேஜின் மருமகனா இப்படி எழுதுவது?

எனினும் ஓரிடம் நம்மை நிறுத்துகிறது. ஓஸில் பணமில்லை, ஏழையில்லை, செல்வனில்லை. தேவைக்கு மேல் எவரும் வேண்டார் என்று இந்த ஏட்டிலேயே ஒருவர் விளக்குகிறார். அருமை! விளக்குபவர் யார்? தகர மனிதன், விங்கிகளின் சக்கரவர்த்தி! காசை ஒழித்தவர் கிரீடத்தை ஒழிக்கவில்லை. அந்த முரணை ஒருவரேனும் கேட்டிருந்தால், விருந்துக் கூடத்தில் கதை பிறந்திருக்கும். கேட்பதற்கு அங்கே யாருக்கு நேரம்? அடுத்த அரசி வந்துகொண்டிருக்கிறாள்.

பாமும் களைத்தார். 1910-இல் அடுத்த ஏட்டின் முடிவில் ஓஸையே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, தொடர்பறுத்து, கதை முடிந்ததென்றார். கடன் நெருக்கியது, 1911-இல் திவாலானார். 1913-இல் கம்பியில்லாத் தந்தி வழியே ஓஸ் மீண்டும் பேசியது. மொத்தம் பதினான்கு ஏடுகள். கடைசி ஏடு, அவர் மறைந்த மறு ஆண்டான 1920-இல் வந்தது.