பிரபுவும் பணியாளும்

சௌகரியமாகச் சொந்தக் கப்பலில் போய் வந்தவரின் பிரயாண நூல் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். டஃப்ரின் பிரபுவின் நூல் விதிவிலக்கு. 1884 முதல் 1888 வரை இந்தியாவில் வைசிராயாக இருந்தவர்தான். 1856 கோடையில் 'ஃபோம்' என்னும் சிறு பாய்க்கப்பலில் ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நார்வே என்று வடகடலைச் சுற்றினார். தாயாருக்கு எழுதிய கடிதங்களாக மறு வருஷமே புத்தகம் வெளிவந்தது.

பனிமலைகளை அழகாகத்தான் வர்ணிக்கிறார். ஆனால் புத்தகத்தைத் தாங்குபவன் அவருடைய பணியாள் வில்ஸன். எதிலும் கெடுதலையே காணும் மனுஷன். விடிந்ததும் விடியாததுமாக எஜமானரிடம் ஒரு துக்கச் செய்தியோடு வந்து நிற்பான்.

இயற்கை எத்தனை கம்பீரமானாலும் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். அதன் எதிரே முகம் சுளிக்க ஒரு மனிதன் வேண்டும். தம் பெருமையை ஒதுக்கி அவனைப் பேசவிட்டாரே, அங்கேதான் பிரபு எழுத்தாளராகிறார்.