சாத்தான் பாலத்துக்கு அடியில் இறங்குங்கள்!

ஆர்மீனியாவில் தாதேவ் போகிறீர்களா? கெஞ்சிக் கேட்கிறேன், ரோப்காரில் ஏறி மடாலயத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்! ரோப்கார் அற்புதம்தான், யார் இல்லை என்றது? ஹாலிட்ஸோரில் ஏறினால் 5.7 கிலோமீட்டர் அந்தரத்தில் மிதந்து 9-ஆம் நூற்றாண்டு மடாலயத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். 2010-இல் திறந்தபோது கின்னஸில் இடம்பிடித்த ரோப்கார் அது. ஆனால் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்ப்பீர்களே ஒரு கிடுகிடு பள்ளம், வோரோட்டான் ஆறு அறுத்த பள்ளத்தாக்கு, அதன் அடியில்தான் சங்கதியே இருக்கிறது!

கொண்டை ஊசி வளைவுகளில் கார் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடியில் போய் நின்று சாத்தான் பாலம் எங்கே என்று தேடுவீர்கள். நிற்பதே பாலத்தின் மேல்தான்! மனிதன் ஒரு கல்லைக்கூட அடுக்கவில்லை. ஊற்றுநீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு காலங்காலமாகப் படிந்து இறுக, ஆறு அடியில் குடைந்து வழி பண்ணிக்கொண்டது. எதிரிகள் துரத்த ஓடிவந்த ஜனங்களைக் காப்பாற்ற திடீரென்று முளைத்த பாலம் என்று கதை சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்!

இப்போது கீழே வாருங்கள் என்னோடு. கையில் ஈரக் கயிறு, காலடியில் பாறை, கொஞ்சம் வழுக்கும், அதனால் என்ன, பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்குகிறோம், ஆற்றின் இரைச்சல் காதை அடைக்கிறது, பக்கத்தில் பேசுகிறவர் குரலே கேட்கவில்லை, நிமிர்ந்தால் பாலத்தின் அடிவயிறு முழுக்க ஆலம் விழுதுகளாகத் தொங்கும் சுண்ணாம்புக் கற்கள், மஞ்சள், பச்சை, துருச் சிவப்பு, ஒவ்வொன்றின் நுனியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அதன் நடுவே பச்சைப் பசேலென்று ஒரு குளம், காலை வைத்தேன், ஐயோ, வெதுவெதுவென்று இருக்கிறது! கொதிக்கும் வெந்நீர் இல்லை, குளிருக்கு இதமான சூடு, கழுத்துவரை அமிழ்ந்தேன், கத்தினேன், சிரித்தேன், முன்பின் தெரியாத ஓர் ஆர்மீனியக் குடும்பமும் என்னோடு சேர்ந்து கத்தியது, கை எட்டும் தூரத்தில் வோரோட்டான் சில்லென்று சீறிப் பாய்கிறது, ஒரு கையை அதிலும் விட்டுப் பார்த்தேன், உடம்பே சிலிர்த்துவிட்டது, வெளியே வரவே மனமில்லை!

கயிறு பிடித்து இறங்கத் தயக்கமா? பாலத்தின் பக்கத்திலேயே சாலையோரமாக ஊற்றுநீர்க் குளம் இருக்கிறது, அதில் இறங்குங்கள். மாற்றுத்துணி மட்டும் மறக்காதீர்கள், ஏனென்றால் அந்தத் தண்ணீரைக் கண்டபின் கரையில் சும்மா நிற்க யாராலும் முடியாது!