நிதானித்தல்: தீர்க்கதரிசனத்துக்குத் திருச்சபை வைத்த உரைகற்கள்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஒரே கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு பெயர்கள் வழங்கிவருகின்றன. சீர்திருத்தத் திருச்சபைகள் பயன்படுத்தும் பழைய வேதாகமம் ‘தீர்க்கதரிசனம்’ என்று சொல்ல, 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘இறைவாக்கு’ என்று சொல்லுகிறது. முன்னது நெடுந்தொலைவைக் காணுதல் என்னும் பொருளுடைய வடசொல்லாதலால், அதைக் கேட்டவுடனே மனம் வருங்காலத்தை நோக்கி ஓடிவிடுகிறது. பின்னது சொல்லப்பட்ட வாக்கின் மீதும் அதைச் சொன்னவர் மீதும் கவனத்தை நிறுத்துகிறது. கிரேக்க மூலத்தில் இச்சொல் மற்றொருவர் சார்பில் பிறர் முன் பேசுபவரைக் குறிக்கும். அவர் பேச்சில் வருங்காலம் இடம்பெறலாம், இடம்பெறாமலும் போகலாம். இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. தீர்க்கதரிசனம் என்றால் முன்னறிவிப்பு மட்டுமே என்று கொண்டவருக்கு ‘சொன்னது நடந்ததா’ என்ற ஒரே சோதனைதான் உண்டு. அதை வாக்கு என்று கொண்டவரோ, இது யாரிடமிருந்து வந்தது, யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, இதனால் ஆதாயம் அடைபவர் யார் என்றெல்லாம் கேட்க வேண்டியவராகிறார்.

நிறைவேறுதலைச் சோதனையாக வைப்பது வேதத்திலேயே உள்ளதுதான். உபாகமம் 18-ஆம் அதிகாரம் கர்த்தரின் பெயரால் சொல்லப்பட்டு நிறைவேறாத வார்த்தை அவருடையதன்று என்கிறது. ஆனால் அதே புத்தகத்தின் 13-ஆம் அதிகாரம் அதற்கு முன்பே வேறொரு வேலியை இட்டுவிடுகிறது: ஒருவன் சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அவன் மக்களை வேறு தெய்வங்களிடம் அழைத்துச் செல்வானானால் அவனுக்குச் செவிகொடுக்கலாகாது. ஆகவே நடவாதது பொய் என்பது உறுதியாகிறதே தவிர, நடந்ததெல்லாம் மெய் என்று ஆவதில்லை. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவியைக் கொண்டிருந்த பெண் பவுலையும் அவரோடிருந்தவர்களையும் பற்றிக் கூவியது முழுக்க உண்மை; ஆயினும் பவுல் அந்த ஆவியைத் துரத்தினார். இக்காலத்தில் மேடையிலிருந்து ஒருவருடைய பெயரையோ நோயையோ சரியாகச் சொல்லிவிட்டாலே செய்தி முழுவதையும் தேவவாக்காக ஏற்கும் வழக்கம் பரவியிருப்பதால், இந்த இரண்டாம் வேலி மறக்கப்பட்டதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியுள்ளது.

நிறைவேறுதல் என்னும் சோதனைக்கு மற்றொரு குறையும் உண்டு. அது காலம் கடந்து வருவது. எரேமியா 28-ஆம் அதிகாரம் காட்டும் காட்சி இதற்குச் சரியான சான்று. பாபிலோனுக்கு அடங்க வேண்டும் என்பதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு ஆலயத்தில் நிற்கிறார். ஆசாரியர்களும் மக்களும் கூடியிருக்க, கிபியோன் ஊரானாகிய அனனியா எழுந்து, பாபிலோன் அரசனின் நுகம் முறிந்தது, இரண்டு ஆண்டுகளுக்குள் ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வருவார்கள் என்கிறான். இருவரும் ஒரே கர்த்தரின் பெயரால்தான் பேசுகிறார்கள். இருவர் நடையும் ஒன்றுபோலவே இருக்கிறது. எரேமியா அவனை அந்த இடத்திலேயே பொய்யன் என்று சொல்லவில்லை. அப்படியே ஆகட்டும் என்று ஆமென் சொல்லிவிட்டு, முன்னிருந்த தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் குறித்தே பேசினார்கள் என்பதையும், சமாதானம் சொல்பவனை அது நிறைவேறும்போதுதான் அறிய முடியும் என்பதையும் நினைவூட்டுகிறார். அனனியா அவர் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து எல்லார் முன்னிலையிலும் உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் தம் வழியே போய்விடுகிறார். மறுப்பு வார்த்தை பிறகுதான் அவருக்கு வருகிறது. ஐந்தாம் மாதத்தில் பேசிய அனனியா ஏழாம் மாதத்தில் இறந்தான். ஆனால் அன்று ஆலயத்தில் நின்ற மக்களுக்கு அந்த ஏழாம் மாதம் கையில் இல்லை. கேட்பவரின் ஆசைக்கு ஒத்துப்போகும் வாக்கைத்தான் கூடுதலாக உரசிப் பார்க்க வேண்டும் என்ற ஒரு குறிப்பு மட்டுமே அவர்களிடம் இருந்தது. அது சிறிய குறிப்பன்று.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பொறுப்பு முழுச் சபையின் கையில் வைக்கப்படுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில், இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் அதை ஆராய வேண்டும் என்று பவுல் ஒழுங்கு செய்கிறார். அவ்விடத்தில் தமிழ் வேதாகமம் ‘நிதானித்தல்’ என்ற சொல்லை ஆள்வது போற்றத்தக்கது. அவசரப்படாமை, அளந்து அறிதல் ஆகிய இரண்டும் அதில் சேர்ந்திருக்கின்றன. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருத்தலையும் யாவற்றையும் சோதித்தலையும் ஒரே மூச்சில் சொல்லுகிறார். சோதிப்பது அவிசுவாசம் என்ற எண்ணத்துக்கு அவரிடத்தில் இடமே இல்லை. கொடுக்கப்பட்ட வரத்தில் பாதி பேசுபவரிடமும் பாதி கேட்பவரிடமும் இருக்கிறது.

அப்போஸ்தலர் காலத்தை அடுத்துவந்த தலைமுறை இதை நடைமுறை விதிகளாக்கியது. ‘டிடாக்கே’ என்று அழைக்கப்படும் பன்னிரு அப்போஸ்தலரின் போதனை, நூற்றாண்டுகளாக மறைந்திருந்து, 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஃபிலோதேயோஸ் பிரியென்னியோஸ் என்னும் ஆயரால் 1056-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட சிறுநூல். அது ஊர் ஊராகச் சுற்றிவரும் ஊழியரைப் பற்றிப் பேசும் பகுதியில் இறையியல் வாதங்களைவிடச் சாப்பாடும் பணமும் தங்கும் நாட்களுமே மிகுதியாக வருகின்றன. வந்தவர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் கொடுக்கலாம். பணம் கேட்டால் கள்ளர். ஆவியின் ஏவுதலால் விருந்து ஆயத்தம் செய்யச் சொன்னவர் அந்த விருந்தில் தாமே அமர்ந்து உண்டால் கள்ளர். ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் அவரைக் குறைகூறக் கூடாது. ஆவியில் பேசிக்கொண்டிருப்பவரை இடைமறித்துச் சோதிக்கக் கூடாது என்று தடுக்கும் அதே நூல், அவருடைய நடத்தையைச் சோதிக்கும் கடமையை வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுகிறது. கல்வியறிவு வேண்டாத, எந்தக் குடியானவரும் பயன்படுத்தக்கூடிய உரைகல் இது. ஏறத்தாழ அதே காலத்து ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்னும் நூலும் இப்படித்தான் பார்க்கிறது: கள்ளன் நாற்காலியில் அமர்ந்திருக்க, விசுவாசிகள் பெஞ்சில் உட்கார்ந்து தங்களுக்கு என்ன நேரும் என்று கேட்கிறார்கள், அவன் கூலி வாங்கிக்கொண்டு கேட்டவர் மனம்போலச் சொல்கிறான். தேவ ஆவியோ மனிதர் கேட்கும்போதல்ல, தேவன் விரும்பும்போதே பேசுவார் என்பது அந்நூலின் அளவுகோல்.

இரண்டாம் நூற்றாண்டில் ஃப்ரீகியாவில் மொன்தானுஸ், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா ஆகியோர் எழுப்பிய இயக்கத்தின்போது, தன்னிலை இழந்து பரவசத்தில் பேசுவது முறையா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. எதிர்த்தவர்கள் மாக்சிமில்லா சொன்ன யுத்தங்கள் அவர் இறந்து 13 ஆண்டுகள் கடந்தும் வரவில்லை என்று கணக்கிட்டதை யூசேபியுஸின் வரலாறு பதிந்துவைத்திருக்கிறது. தெர்த்துல்லியன் போன்ற பேரறிஞர் அவ்வியக்கத்தின் பக்கம் நின்றதால், திருச்சபை அவசரமாகத் தீர்ப்பளித்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

பாலைவனத் துறவிகளிடம் சோதனை உள்முகமாகத் திரும்பியது. யோவான் காசியன் பதிவுசெய்த உரையாடல்களில் அப்பா மோசே, தேறிய நாணயமாற்றுக்காரரைப் போல எண்ணங்களைச் சோதிக்கச் சொல்லுகிறார்: பொன் உண்மையா, பதிந்திருக்கும் உருவம் மெய்யான அரசனுடையதா, எடை சரியா, துருப்பிடித்துக் குறைந்திருக்கிறதா. காசைக் குறிக்கும் சொல்லே நேர்மையையும் குறிக்கும் தமிழில் இந்த உவமை இயல்பாகவே பொருந்துகிறது. பிற்காலத்தில் பாரீஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தரான ஜான் ஜெர்சோன், 1401-ல் மெய்க்காட்சியையும் பொய்க்காட்சியையும் பிரித்தறிவது பற்றி எழுதியபோது இதே நாணயத்தை மீண்டும் கையில் எடுத்து, தாழ்மை அதன் எடை, விவேகம் அதன் வளையும் தன்மை, பொறுமை அதன் உறுதி, உண்மை அதன் அச்சு, அன்பு அதன் நிறம் என்று வகுத்தார். முன்னறிவிப்பு பலித்ததா என்பதைவிடப் பெற்றவரின் குணமே இங்கு முதலிடம் பெறுகிறது. ஆனால் சோதிப்பவரின் குணத்தைச் சோதிப்பது யார்? 1429-ல் புவாத்தியேவில் இறையியலார் பல நாள் விசாரித்து வானகக் குரல்களைக் கேட்டதாகச் சொன்ன ஜோன் என்னும் கிராமத்துப் பெண்ணிடம் குற்றமில்லை என்றார்கள். 1431-ல் ருவான் நகரில் எதிர்த்தரப்பு அரசைச் சார்ந்த வேறு இறையியலார் அவரைக் குற்றவாளி என்று தீர்க்க, அவர் எரிக்கப்பட்டார். 1456-ல் அத்தீர்ப்பு செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. அரசியல் பகையோடு கையிலெடுக்கப்படும் உரைகல் பொன்னையும் பித்தளை என்றே காட்டும்.

லொயோலா இஞ்ஞாசியார் மன்ரேசாவில் தங்கியிருந்த நாட்களில் பாம்புபோல் நெளிந்து கண்கள் பல கொண்டதாக மின்னிய அழகிய தோற்றமொன்று அவருக்கு அடிக்கடி காட்சியளித்து, பார்க்குந்தோறும் ஆறுதல் தந்தது, மறைந்தவுடன் துயரம் தந்தது. பின்னர் ஒரு சிலுவையின் முன் முழந்தாளிட்டபோது அதன் நிறம் மங்கியதைக் கண்டே அது எங்கிருந்து வந்ததென்று உணர்ந்தார். இயேசு சபையார் ‘தேர்ந்து தெளிதல்’ என்று தமிழில் வழங்கும் முறைக்கு இத்தகைய அனுபவங்களே வித்து. அவருடைய விதிகளுள் ஒன்று எக்காலத்துக்கும் உரியது: தேவன் நேரடியாக ஆறுதல் தந்த கணம் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம், ஆனால் அதைத் தொடரும் வேளையில் மனிதர் தம் சொந்த எண்ணங்களையும் தீர்மானங்களையும் அதோடு கலந்துவிடுவதால், அந்தப் பின்வேளையைக் கவனமாகப் பிரித்து ஆராய வேண்டும். வாக்கு மெய்யாயிருந்தும் விளக்கம் பொய்த்துப்போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை அரிது. சிலுவை யோவான் இன்னும் ஒரு படி சென்று, காட்சிகளையும் குரல்களையும் நாடுவதையே விட்டுவிடச் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபை 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட புதிய நெறிமுறைகள் ஆறுவகைத் தீர்ப்புகளை வகுத்தாலும், ஒரு நிகழ்வு இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று பொதுவாக அறிவிப்பதில்லை. மிக உயர்ந்த தீர்ப்பும் ‘தடையில்லை’ என்பதோடு நின்றுவிடுகிறது.

சீர்திருத்த மரபுக்கு இச்சோதனை அதன் தொடக்கத்திலேயே வந்தது. 1521 டிசம்பரில் ஸ்விக்காவ் ஊரார் மூவர் விட்டன்பர்க்குக்கு வந்து தேவன் தங்களோடு நேரில் பேசுவதாகச் சொல்ல, மெலாங்க்தோன் தடுமாறினார். வார்ட்புர்க் கோட்டையிலிருந்து லூதர் எழுதிய பதிலில், அவர்கள் ஆன்மவேதனையையும் மரணத்தையும் நரகத்தையும் உள்ளத்தில் கண்டவர்களா என்று விசாரிக்கச் சொன்னார். இனிமையும் அமைதியும் மட்டுமே பேசுபவர்களை அவர் நம்பவில்லை. இங்கும் அனனியாவின் நிழல் தெரிகிறது. அமெரிக்க எழுப்புதலின் நடுவில் 1741-ல் ஜானத்தன் எட்வர்ட்ஸ் யேல் கல்லூரியில் ஆற்றிய உரை, உடல் நடுக்கம், கூக்குரல், மிகுந்த பரபரப்பு போன்ற ஒன்பது காரியங்கள் ஆவியானவரின் செயலை மெய்ப்பிக்கவும் மாட்டா, பொய்ப்பிக்கவும் மாட்டா என்று ஒதுக்கிவிட்டு, இயேசுவை உயர்த்துதல், பாவத்தை எதிர்த்தல், வேதத்தை மதிக்கச் செய்தல், சத்தியத்துக்கு நடத்துதல், அன்பைப் பெருக்குதல் ஆகிய ஐந்தையே அடையாளமாகக் கொண்டது.

தென்னிந்தியாவும் இந்த வரலாற்றில் பங்குடையது. திருநெல்வேலியில் ரேனியஸின் பள்ளியில் வளர்ந்து கிறிஸ்தியான்பேட்டையை நிறுவிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் சபைகளில் 1860-ல் எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் காணப்பட்டன. பாவ அறிக்கையும் மனந்திரும்புதலும் சேர்ந்தே காணப்பட்டன. அந்த அலை திருவிதாங்கூரை அடைந்தபின், அங்கு ஜஸ்டஸ் ஜோசப் என்னும் தமிழ்ப் பிராமணக் குடும்பத்துப் போதகர் கிறிஸ்துவின் வருகை 1881-ல் நிகழும் என்று அறிவித்தார். குறித்த காலம் வந்தும் வருகை நிகழவில்லை. அவரைப் பின்பற்றியோர் தனிக்குழுவாகப் பிரிந்தனர். ஒரே ஊற்றிலிருந்து வந்த இரண்டு நீரோட்டங்களில் ஒன்று தெளிந்தும் மற்றொன்று கலங்கியும் போனதைக் காணும்போது, ஊற்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பிடலாகாது என்பது விளங்கும்.

பெந்தெகொஸ்தே மரபு எழுந்தபின் கேள்வி புதுக்கூர்மை பெற்றது. வரங்கள் அப்போஸ்தலரோடு முடிந்தன என்று 1918-ல் இறையியலார் வார்ஃபீல்ட் வாதிட்டார். வரங்கள் தொடர்கின்றன என்ற அணியிலும் கட்டுப்பாடு இல்லாமலில்லை: தனிநபர்களுக்குத் தலைமேல் கைவைத்துத் தீர்க்கதரிசனத்தால் வரங்களையும் ஊழியத்தையும் பகிர்ந்தளிக்கும் போக்கை அமெரிக்க அசெம்பிளீஸ் ஆஃப் காட் 1949-லேயே ஏற்க மறுத்தது. 2020-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் பற்றிய தீர்க்கதரிசனங்கள் பொய்த்தபின், இந்த அணியைச் சேர்ந்த இயக்கங்களின் தலைவர்கள் பலர் 2021-ல் ஒரு நெறிமுறை அறிக்கையில் கையெழுத்திட்டு, பகிரங்கமாகச் சொன்னது தவறினால் பகிரங்கமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். இந்த ஒரு விதியை ஏற்காத ஊழியத்தில் வேறெந்த விதியும் பயன் தராது. நிதானிக்கப்பட மறுப்பவர் பவுல் வகுத்த ஒழுங்குக்கு வெளியே நின்றே பேசுகிறார்.

இக்காலத்து வாதங்களின் நடுவில் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும் பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரம். செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் அகபு என்பவர் பவுலின் கச்சையை எடுத்துத் தம் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்கு உரியவரை எருசலேமில் யூதர் இப்படிக் கட்டிப் புறஜாதியார் கையில் ஒப்புக்கொடுப்பார்கள் என்றார். பின்னர் பவுலைச் சங்கிலியால் கட்டியவர்கள் ரோமரே என்பதால், வாக்கின் கரு மெய்யாகவும் நுணுக்கம் பிசகாகவும் இருக்கலாம் என்று இறையியலார் வேன் குரூடெம் போன்றோர் விளக்க, பவுலே பிற்பாடு தாம் ரோமர் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டதாகச் சொன்னதைக் காட்டி மற்றவர்கள் மறுக்கிறார்கள். அந்த விவாதத்தைவிட அந்த அறையில் நடந்தது முக்கியமானது. வாக்கைக் குறித்து அங்கு யாருக்கும் ஐயமில்லை. போகவேண்டாம் என்பதே அதன் பொருள் என்று சீஷர்கள் அழுது வேண்டிக்கொண்டார்கள், ஆயத்தமாகு என்பதே அதன் பொருள் என்று பவுல் கொண்டார். அகபு சொன்னதில் போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. பவுலின் மனம் இணங்காததைக் கண்டு, கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அவர்கள் அமைந்துவிட்டார்கள். சில நாட்களுக்குப்பின் பயணத்துக்கு ஆயத்தமானபோது, செசரியா ஊர்ச் சீஷரில் சிலரும் கூடவே புறப்பட்டு, சீப்புருதீவானாகிய மினாசோன் என்னும் பழைய சீஷனுடைய வீடுவரைக்கும் பவுலை அழைத்துக்கொண்டு போனார்கள்.